240 நொடி, 3 பேர், ஒரு டிராக்: ரோஜர் பேனிஸ்டர் கதையில் சொல்லாமல் விடுவது

ஃபைனல் இயர் வந்துட்டா எல்லா காலேஜ்லயும் ஒரு சீசன் ஆரம்பிக்கும். ஆப்டிடியூட் கிளாஸ், மாக் இன்டர்வியூ, நடு நடுவுல மோட்டிவேஷன் செஷன். அந்த செஷன்ல தவறாம வர்ற ஒரு கதை இருக்கு. நீங்களும் கேட்டிருப்பீங்க.

"ஒரு மைல் தூரத்த 4 நிமிஷத்துக்குள்ள மனுஷனால ஓட முடியாதுன்னு உலகமே நம்புச்சு. ஓடினா இதயம் வெடிச்சிடும்னு டாக்டர்களே சொன்னாங்க. ரோஜர் பேனிஸ்டர்னு ஒருத்தர் மட்டும் முடியும்னு நம்பினார். 1954ல ஓடிக் காட்டினார். அவ்வளவுதான், மனத்தடை உடைஞ்சுது. அடுத்த ஒரே வருஷத்துல நிறைய பேர் வரிசையா ஓடினாங்க. ஸோ, தடை உங்க உடம்புல இல்ல, மனசுல!"

கைத்தட்டல். அடுத்த ஸ்லைடு.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பேனிஸ்டரோட வாழ்க்கையையும், அந்தக் காலத்து ரெக்கார்டுகளையும் எடுத்து வச்சுப் பார்த்தா இந்தக் கதையில பாதிக்கு மேல நிக்கல. நிஜத்துல நடந்தது இதை விட சுவாரசியமானது. அதுலயும் நம்ம மாதிரி இன்ஜினியரிங் படிக்கிறவங்களுக்கு ரொம்பப் பக்கமானது. அதைத்தான் இந்தக் கட்டுரையில பார்க்கப் போறோம்.

முதல்ல கணக்கு

ஒரு மைல்ங்கிறது 1760 கஜம், அதாவது 1609.344 மீட்டர். அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஓட்டப் பாதை ஒரு சுற்று 440 கஜம். ஸோ ஒரு மைல்னா சரியா 4 சுற்று. 4 சுற்று, 4 நிமிஷம். ஒரு சுற்றுக்கு 60 நொடி. சராசரி வேகம் நொடிக்கு 6.7 மீட்டர், மணிக்கு சுமார் 24 கிலோமீட்டர். நெரிசல் இல்லாத ரோட்டுல சைக்கிளை அழுத்தி மிதிச்சா வர்ற வேகம். அதே வேகத்துல விடாம 4 நிமிஷம் கால்ல ஓடணும்.

இதுல ஒரு விஷயத்த கவனிங்க. "4 நிமிடம்" அப்படிங்கிற எண்ணுக்கு உடற்கூறு ரீதியா எந்த ஸ்பெஷல் அர்த்தமும் கிடையாது. மைலும் நிமிஷமும் தற்செயலா ஒரு முழு எண்ல வந்து சந்திச்சிருக்கு, அவ்வளவுதான். ஒலிம்பிக்ல மைல் ஓட்டமே கிடையாது, 1500 மீட்டர்தான். அந்த 1500 மீட்டருக்கு அப்போ இருந்த உலக சாதனை 3 நிமிடம் 43 நொடி. அதை மைல் தூரத்துக்கு நீட்டினா கிட்டத்தட்ட 4 நிமிஷம்தான் வரும். ஆனா 3:43ஐ யாரும் "மனித எல்லை"ன்னு சொல்லல. யூனிட்ட மாத்தினா சுவரே காணாமப் போயிடுது!

ரெக்கார்டு வரிசையையும் பாருங்க. 1937ல பிரிட்டனின் சிட்னி வூடர்சன் 4 நிமிடம் 6.4 நொடியில் ஓடினார். அதுக்கப்புறம் ஸ்வீடனைச் சேர்ந்த குன்டர் ஹேக், அர்னே ஆண்டர்சன் ரெண்டு பேரும் போட்டி போட்டு மாத்தி மாத்தி சாதனையை உடைச்சாங்க. 1945ல ஹேக் 4 நிமிடம் 1.4 நொடிக்கு கொண்டு வந்து நிறுத்தினார். 8 வருஷத்துல 5 நொடி குறைஞ்சிருக்கு.

அதுக்கப்புறம் 9 வருஷம் அந்த ரெக்கார்டு நகரல. காரணம் மனசா? அந்த ரெண்டு ஸ்வீடன் வீரர்களும் ஓடுறதுக்குப் பணம் வாங்கினாங்கன்னு சொல்லி 1946ல தடை பண்ணிட்டாங்க. மத்த ஐரோப்பிய நாடுகள் இரண்டாம் உலகப் போர்ல இருந்து அப்பத்தான் எழுந்து வந்துட்டு இருந்தது. சாப்பாட்டுக்கே ரேஷன். ஸ்வீடன் போர்ல கலந்துக்காத நாடுங்கிறதாலதான் போர் நடந்தப்பவே அங்க அவ்வளவு வேகமா ஓட முடிஞ்சது. ஸோ 9 வருஷம் ரெக்கார்டு நின்னதுக்கு "யாருக்கும் நம்பிக்கை இல்ல"ன்னு காரணம் சொல்றது, கரண்ட் இல்லாததால நின்ன ஃபேனைப் பார்த்து அதுக்கு சுத்த மனசு இல்லன்னு சொல்ற மாதிரி.

யார் இந்த பேனிஸ்டர்?

ரோஜர் பேனிஸ்டர் 1929 மார்ச் 23 அன்று லண்டன் பக்கத்துல இருக்கிற ஹாரோவில் பிறந்தார். பெரிய வசதியான குடும்பம் இல்ல. போர் சமயத்துல குடும்பம் பாத் நகரத்துக்கு இடம் மாறியது. 1946ல 17 வயசுல மருத்துவம் படிக்க ஆக்ஸ்போர்டுக்கு வந்தார். அதுவரைக்கும் அவர் ஸ்பைக் வச்ச ஷூ போட்டதில்ல, முறையான டிராக்ல ஓடினதும் இல்ல.

வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம். இவ்வளவுதான் அவரோட ஆரம்பகாலப் பயிற்சி. அதுலயே ஒரு மைலை 4 நிமிடம் 24.6 நொடியில் ஓடினார். 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு அவர் பேரு பரிசீலனையில இருந்தது. "நான் இன்னும் தயார் இல்ல"ன்னு அவரே ஒதுங்கிட்டார். 19 வயசுப் பையன், சொந்த ஊர்ல நடக்கிற ஒலிம்பிக்கை வேண்டாம்னு சொல்றது சாதாரண விஷயம் இல்ல. "நம்பினா போதும்"னு நினைக்கிற ஆள் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். தன்னோட நிலைமை என்னன்னு அளந்து பார்க்கிற ஆள்தான் சொல்லுவார்.

ஆக்ஸ்போர்டு தடகள கிளப்புக்குத் தலைவரா இருந்தப்போ இன்னொரு வேலையும் பண்ணினார். இஃப்லி ரோடுல இருந்த பழைய டிராக் ஒரு மைலுக்கு 3 சுற்று வர்ற மாதிரி, மேடு பள்ளமா இருந்தது. அதை மாத்தி 440 கஜத்துல புது டிராக் போடணும்னு முயற்சி எடுத்து அதை நடத்தியும் காட்டினார். இந்த டிராக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

ஹெல்சிங்கி: நம்பிக்கை இருந்தும் தோத்த இடம்

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக். 1500 மீட்டர்ல பேனிஸ்டர் ஜெயிப்பார்னு பிரிட்டன் பத்திரிகைகள் எல்லாம் எழுதிட்டு இருந்தன. அவருக்கும் தங்கம் வாங்கிட்டு ரிட்டயர் ஆகணும்னுதான் பிளான். முதல் சுற்று, ஒரு நாள் ஓய்வு, அப்புறம் ஃபைனல்னு கணக்குப் பண்ணி அதுக்கேத்த மாதிரி லேசான பயிற்சி எடுத்து வச்சிருந்தார்.

கடைசி நேரத்துல ஒரு செமி ஃபைனலையும் நடுவுல சேர்த்துட்டாங்க. 3 நாள்ல 3 ஓட்டம். அவர் உடம்பு அதுக்குத் தயாராகல. ஃபைனல்ல 4வது இடம். லக்சம்பர்க்கைச் சேர்ந்த ஜோசி பார்தெல் தங்கம் வாங்கினார். பேனிஸ்டர் ஓடின நேரம் பிரிட்டிஷ் சாதனைதான், ஆனா மெடல் இல்ல. பத்திரிகைகள் திட்டின. பயிற்சியே போதலன்னு விமர்சனம்.

இங்க நம்ம மோட்டிவேஷன் கதையை வச்சுப் பார்த்தா என்ன சொல்லணும்? "அவருக்கு நம்பிக்கை பத்தல"ன்னா? அப்படி எதுவும் இல்ல. ஷெட்யூல் மாறிச்சு, டிசைன் அந்த லோடைத் தாங்கல. அவ்வளவுதான்.

ஓட்டத்தை விட்டுடலாமான்னு ரெண்டு மாசம் யோசிச்சார். கடைசியில இன்னும் கொஞ்ச காலம் ஓடி, மைலை 4 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும்னு ஒரு டார்கெட் வச்சார். அப்போ அவர் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் மருத்துவ மாணவர். வார்டு டியூட்டி, படிப்பு, பரீட்சை எல்லாம் ஒரு பக்கம். மதிய இடைவேளையில பக்கத்துல இருந்த பேடிங்டன் மைதானத்துக்குப் போய் அரை மணி நேரம் ஓடிட்டு வருவார். நமக்கு லேப் முடிச்சிட்டு கிரவுண்டுக்கு ஓடுற மாதிரி!

அவர் ஓடினது மட்டும் இல்ல, ஓட்டத்தையே ஆராய்ச்சியும் பண்ணினார். ஆக்ஸ்போர்டு உடலியல் துறையில ட்ரெட்மில்ல ஆட்களை ஓட வச்சு, ஆக்சிஜன் அதிகம் கலந்த காற்றை சுவாசிச்சா என்ன ஆகுதுன்னு அளந்தார். தன் உடம்பு மேலயும் அதே சோதனையைப் பண்ணிக்கிட்டார். அந்த ஆய்வுகள் 1954ல உடலியல் ஆய்விதழ்ல வெளியாச்சு. ஸோ "டாக்டர்கள் முடியாதுன்னு சொன்னாங்க"ங்கிற வரியில ஒரு வேடிக்கை இருக்கு. ஓடினவரே டாக்டருக்குப் படிச்சிட்டு இருந்தவர். 4 நிமிடம் 1 நொடியில ஓட முடியும்னா, 3 நிமிடம் 59ல ஓட முடியாதுங்கிறதுக்கு ஒரு லாஜிக்கும் இல்லன்னு அவரே பின்னாடி பேட்டிகள்ல சொல்லியிருக்கார்.

3 நாடு, 3 பேர்

அதே சமயம் இன்னும் ரெண்டு பேர் இதே டார்கெட்டோட ஓடிட்டு இருந்தாங்க. ஆஸ்திரேலியாவில் ஜான் லேண்டி. 1952 டிசம்பர்ல 4 நிமிடம் 2.1 நொடி ஓடினார். அமெரிக்காவில் வெஸ் சான்டீ. 1953 ஜூன்ல 4 நிமிடம் 2.4 நொடி. உலகமே முடியாதுன்னு நம்பிச்சுன்னா, இந்த மூணு பேரும் மூணு கண்டத்துல எதுக்கு மெனக்கெட்டுட்டு இருந்தாங்க?

பேனிஸ்டர் 1953 மே மாசம் ஆக்ஸ்போர்டில் 4 நிமிடம் 3.6 நொடி ஓடி பிரிட்டிஷ் சாதனை வச்சார். ஜூன் 27 அன்று மோட்ஸ்பர் பார்க் மைதானத்துல ஒரு முயற்சி. ஸ்கூல் பசங்க போட்டி நடுவுல இந்த மைல் ஓட்டத்தை நுழைச்சாங்க. ஆஸ்திரேலியாவின் டான் மெக்மில்லன் முதல் ரெண்டு சுற்றுக்கு மேல முன்னாடி ஓடி வேகம் கொடுத்தார். கிறிஸ் பிராஷர் வேணும்னே மெதுவா ஓடி, ஒரு சுற்று பின்தங்கி இருந்து, கடைசி சுற்றுல பேனிஸ்டருக்கு முன்னாடி சேர்ந்து அவரை இழுத்துட்டுப் போனார். நேரம் 4 நிமிடம் 2 நொடி.

பிரிட்டிஷ் தடகள அமைப்பு இதை ரெக்கார்டா ஏத்துக்கல. இது நேர்மையான போட்டி இல்ல, ஏற்பாடு பண்ணின ஓட்டம்னு சொல்லிட்டாங்க. நியாயமான தீர்ப்புதான்னு எனக்குத் தோணுது. ஆனா அந்த ஓட்டத்துல கிடைச்ச டேட்டா வீண் போகல. முன்னாடி ஒருத்தர் கடைசி வரை வேகம் கொடுத்தா எவ்வளவு வித்தியாசம் வரும்னு தெரிஞ்சிடுச்சு. அடுத்த தடவை அதையே விதிக்கு உட்பட்டு, ஆரம்பத்துல இருந்தே எல்லாரும் ஒழுங்கா ஓடுற மாதிரி பண்ணணும்.

59 நொடிக்கு வந்த கதை

1953 கடைசியில பேனிஸ்டர், பிராஷர், கிறிஸ் சாட்டவே மூணு பேரும் ஆஸ்திரியாவில் இருந்து வந்த கோச் ஃபிரான்ஸ் ஸ்டாம்ஃப்ல் கிட்ட சேர்ந்து பயிற்சி எடுக்க ஆரம்பிச்சாங்க. அதுவரை பேனிஸ்டர் கோச் இல்லாமத்தான் பெரும்பாலும் ஓடினார்.

பயிற்சி ரொம்ப சிம்பிள். 440 கஜத்த வேகமா ஒரு சுற்று ஓடணும். 2 நிமிஷம் ஓய்வு. திரும்ப ஒரு சுற்று. இப்படி 10 தடவை. ஆரம்பத்துல ஒரு சுற்றுக்கு 66 நொடி. மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுட்டே வந்தாங்க. வசந்த காலம் வந்தப்போ 61 நொடிக்கு வந்துட்டாங்க. அதுக்குக் கீழ போகவே இல்ல. டார்கெட் 60. எவ்வளவு முயற்சி பண்ணியும் அந்த ஒரு நொடி குறையல.

நம்மளா இருந்தா என்ன பண்ணியிருப்போம்? இன்னும் கஷ்டப்பட்டு, இன்னும் ராத்திரி முழிச்சு... இல்லையா? பேனிஸ்டரும் பிராஷரும் ஸ்காட்லாந்துக்கு மலையேறப் போயிட்டாங்க. சில நாள் ஓட்டமே கிடையாது. பாறை ஏறுறது மட்டும்தான். திரும்பி வந்து சில நாள் ஓய்வெடுத்துட்டு ஓடினா, 10 சுற்றும் 59 நொடி! உடம்புக்கு வேண்டியிருந்தது இன்னும் அதிக வேலை இல்ல, ரிக்கவரி. லோடு கொடுத்தா மட்டும் பலம் ஏறாது, ஓய்வுலதான் ஏறும். செமஸ்டருக்கு முந்தின வாரம் இதை ஞாபகம் வச்சுக்கலாம்.

1954 மே 6

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அணிக்கும் பிரிட்டிஷ் அமெச்சூர் தடகள சங்க அணிக்கும் வருஷா வருஷம் நடக்கிற சாதாரணப் போட்டி. இடம் இஃப்லி ரோடு. ஆமா, அவர் முயற்சியில வந்த அதே டிராக்.

காலையில பேனிஸ்டர் வழக்கம் போல மருத்துவமனைக்குப் போனார். அங்க லேப்ல இருந்த சாணைக்கல்லுல ஷூ ஸ்பைக்கைத் தீட்டினார். அதுக்கு மேல கிராஃபைட் தடவினார். எதுக்குன்னா, அந்தக் காலத்து டிராக் எல்லாம் நிலக்கரிச் சாம்பல் போட்டது. ஈரமா இருந்தா சாம்பல் ஸ்பைக்ல ஒட்டிக்கும், ஒவ்வொரு அடிக்கும் எடை கூடும். கிராஃபைட் தடவினா ஒட்டாது. மெட்டீரியல் சயின்ஸ் பேப்பர்ல படிச்சதை எங்க யூஸ் பண்றதுன்னு கேக்கிறவங்களுக்கு இது சமர்ப்பணம்.

அப்புறம் பேடிங்டன்ல ரயில் ஏறினார். அதே ரயில்ல ஸ்டாம்ஃப்லும் வந்தார். வெளிய காற்று பலமா அடிச்சிட்டு இருந்தது. மணிக்கு 25 மைல் வேகம் வரைக்கும். இந்தக் காத்துல ஓடலாமா, இன்னொரு நாளைக்குத் தள்ளி வைக்கலாமா? ஸ்டேடியம் போன பிறகும் அவர் முடிவு பண்ணல. பக்கத்துச் சர்ச்ல பறந்துட்டு இருந்த கொடியைப் பார்த்துக்கிட்டே இருந்தார். ஓட்டம் தொடங்கறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி கொடி தளர்ந்தது. ஓடலாம்னு சொன்னார்.

காற்றுக்கு ஏன் இவ்வளவு பயம்னு ஒரு குட்டிக் கணக்கு போட்டுப் பாருங்க. காற்று இழுவிசை சார்பு வேகத்தோட வர்க்கத்துக்கு நேர் விகிதத்துல இருக்கும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்சதுதான். ஓடுற வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். காற்றே இல்லாதப்போ இழுவிசை 1ன்னு வச்சுக்குவோம். இப்போ காற்றும் மணிக்கு 24 கிலோமீட்டர்ல அடிக்குது. எதிர்க்காற்றுல ஓடுறப்போ சார்பு வேகம் 48, இழுவிசை 4 மடங்கு. மறு பக்கம் பின்காற்று, சார்பு வேகம் 0, இழுவிசையும் 0. ரெண்டும் சேர்ந்து கேன்சல் ஆகிடும்னு தோணும். ஆகாது. சராசரி (4+0)/2, அதாவது 2 மடங்கு. வட்டமா ஓடினா காற்று எப்பவுமே நஷ்டம்தான். வளைவுகளையும் மத்ததையும் விட்டுட்டுப் போட்ட தோராயக் கணக்குதான் இது, ஆனா விஷயம் புரியும்.

முன்னாடி ஒருத்தர் ஓடினா அந்தக் காற்றை அவர் வாங்கிக்குவார். பிராஷரும் சாட்டவேயும் எதுக்குன்னு இப்ப தெரியுதா? வேகத்துக்கு ஒரு கடிகாரம், காற்றுக்கு ஒரு கவசம், ரெண்டுமே அவங்கதான்.

சாயங்காலம் 6 மணி. சுமார் 3000 பேர் பார்த்துட்டு இருந்தாங்க. பிராஷர் முன்னாடி, பேனிஸ்டர் அவர் பின்னாடி, சாட்டவே மூணாவது. பேனிஸ்டருக்கு உடம்பு லேசா இருந்ததால வேகம் பத்தலன்னு தோணுச்சு. வேகமா போன்னு கத்தினார். பிராஷர் காதுலயே வாங்கல, பிளான் பண்ணின வேகத்துலயே போனார். முதல் சுற்று முடிஞ்சப்போ பார்த்தா 57.5 நொடி. தேவைக்கு மேலயே வேகம்! அந்த இடத்துல பிராஷர் நண்பன் பேச்சைக் கேட்டு இன்னும் வேகம் எடுத்திருந்தா மொத்தமும் குலைஞ்சிருக்கும்.

2 சுற்று முடிவில் 1 நிமிடம் 58.2 நொடி. பிராஷர் களைச்சதும் சாட்டவே முன்னாடி வந்தார். 3வது சுற்று முடிவில் 3 நிமிடம் 0.5 நொடி. மூணாவது சுற்றுக்கு மட்டும் 62.3 நொடி ஆயிருக்கு. இப்போ கடைசி சுற்று 59.5க்குள்ள முடிக்கணும். கடைசி சுற்றோட ஆரம்பத்துலயும் சாட்டவேதான் இழுத்துட்டுப் போனார். அப்புறம் பேனிஸ்டர் அவரைத் தாண்டிப் பாய்ந்தார். 1500 மீட்டர் புள்ளியை 3 நிமிடம் 43 நொடியில் கடந்தார், அப்போதைய உலக சாதனைக்குச் சமம். கோட்டைத் தொட்டதும் அப்படியே சரிஞ்சு விழுந்தார்.

அறிவிப்பாளர் நோரிஸ் மெக்வர்டர் வேணும்னே இழுத்து இழுத்து அறிவிச்சார். மைதானச் சாதனை, பிரிட்டிஷ் சாதனை, உலக சாதனைன்னு வரிசையா சொல்லிட்டு, நேரம் "மூணு"ன்னு ஆரம்பிச்சதும் கூட்டம் கத்தினதுல மீதி யாருக்கும் கேக்கல. 3 நிமிடம் 59.4 நொடி.

240ல் 0.6 நொடி மிச்சம். சதவீதத்துல 0.25. தூரத்துல சொன்னா சுமார் 4 மீட்டர். கொடி தளராம இருந்திருந்தா, பிராஷர் தடுமாறியிருந்தா, சாம்பல் ஒட்டியிருந்தா, அந்த 4 மீட்டர் போயிருக்கும்.

"அதுக்கப்புறம் எல்லாரும் ஓடினாங்க"ன்னா?

இப்போ மோட்டிவேஷன் கதையோட மெயின் பாயின்ட்டுக்கு வருவோம். மனத்தடை உடைஞ்சதும் ஒரே வருஷத்துல எத்தனை பேர் 4 நிமிஷத்துக்குள்ள ஓடினாங்க?

1955 மே 6 வரை, பேனிஸ்டரைத் தவிர ஒரே ஒருத்தர். ஜான் லேண்டி மட்டும்தான். அடுத்ததா லண்டன் ஒயிட் சிட்டியில 1955 மே 28 அன்று ஒரே ஓட்டத்துல 3 பேர் ஓடினாங்க: ஹங்கேரியின் லாஸ்லோ டபோரி, நம்ம சாட்டவே, அப்புறம் பிரையன் ஹியூசன்.

சரி, லேண்டி 46 நாள்லயே ஓடிட்டாரே, அது மனத்தடை உடைஞ்சதாலதானேன்னு கேக்கலாம். பாருங்க. ஆஸ்திரேலியாவில் அவருக்குப் பக்கத்துல வந்து ஓட ஆளே கிடையாது, பெரும்பாலும் தனியா, புல் தரையில ஓடினார். 1954 ஜூன் 21 அன்று அவர் ஓடினது ஃபின்லாந்தின் டர்கு நகரத்துல, நல்ல சாம்பல் டிராக்ல. பின்னாடியே கடைசி சுற்று வரை துரத்திக்கிட்டு வந்தவர் யார் தெரியுமா? கிறிஸ் சாட்டவே! 3 நிமிடம் 58 நொடி, புது உலக சாதனை. மனசு மாறுச்சோ இல்லையோ, டிராக்கும் போட்டியும் மாறுச்சு.

வெஸ் சான்டீ? அவர்தான் இந்தக் கதையில யாரும் சொல்லாத ஆள். பேனிஸ்டர் ஓடின பிறகும் ஓடிட்டே இருந்தார். முடியும்னு உலகத்துக்கே தெரிஞ்ச பிறகு ஓடினார். 1955ல 4 நிமிடம் 0.5 நொடி, அதுதான் அவரோட பெஸ்ட். கடைசி வரை 4 நிமிஷத்துக்குக் கீழ போகவே இல்ல. அவருக்கு நம்பிக்கை இல்லன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்?

பெண்கள் பக்கமும் ஒரு பேரு சொல்லணும். பேனிஸ்டர் ஓடி 23 நாள்ல, 1954 மே 29 அன்று, பர்மிங்ஹாமில் டயேன் லெதர் ஒரு மைலை 4 நிமிடம் 59.6 நொடியில் ஓடினார். 5 நிமிஷத்துக்குள்ள ஓடின முதல் பெண். ஆனா பெண்களோட மைல் ஓட்டத்துக்கு உலக சாதனைப் பட்டியலே 1967ல தான் வந்தது. ஒலிம்பிக்ல பெண்கள் 1500 மீட்டர் 1972ல தான். இங்க தடை யார் மனசுல இருந்ததுன்னு நீங்களே சொல்லுங்க. ஓடினவங்க மனசுல நிச்சயமா இல்ல.

வான்கூவர், அப்புறம் வார்டு

1954 ஆகஸ்ட் 7, வான்கூவரில் காமன்வெல்த் போட்டி. உலகத்துலயே 4 நிமிஷத்துக்குள்ள ஓடின ரெண்டே பேர் நேருக்கு நேர். லேண்டி ஆரம்பத்துல இருந்தே வேகமா போய் ஒரு கட்டத்துல சுமார் 15 கஜம் முன்னாடி இருந்தார். பேனிஸ்டர் தன் வேகத்தை வச்சுக்கிட்டு மெதுவா இடைவெளியைக் குறைச்சார். கடைசி வளைவுல லேண்டி அவர் எங்கன்னு இடது தோள் பக்கமா திரும்பிப் பார்த்த அதே நொடி, பேனிஸ்டர் வலது பக்கமா தாண்டிட்டார். பேனிஸ்டர் 3:58.8, லேண்டி 3:59.6. அந்த நொடியை வான்கூவரில் வெண்கலச் சிலையா வச்சிருக்காங்க.

அதே மாசம் பெர்ன் நகரத்துல ஐரோப்பிய சாம்பியன்ஷிப், 1500 மீட்டர்ல தங்கம். வருஷக் கடைசியில ஓட்டத்தை நிறுத்திட்டார். வயசு 25. நம்மள விட 4 வயசுதான் கூட.

அப்புறம் நரம்பியல் மருத்துவரா வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தார். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம் மாதிரி நாம யோசிக்காமலே நடக்கிற வேலைகளைக் கவனிக்கிற தன்னியக்க நரம்பு மண்டலம்தான் அவரோட ஆராய்ச்சி. அது செயலிழந்தா என்ன ஆகும்னு எழுதின புத்தகம் அந்தத் துறையில முக்கியமானது. 1971 முதல் 1974 வரை பிரிட்டன் விளையாட்டுக் கவுன்சில் தலைவரா இருந்தப்போ, வீரர்கள் ஸ்டீராய்டு எடுக்கிறதைக் கண்டுபிடிக்கிற சோதனைக்கு ஊக்கம் கொடுத்தார். 1975ல சர் பட்டம். அதே வருஷம் கார் விபத்துல கணுக்கால் உடைஞ்சு, அதுக்கப்புறம் அவரால ஓடவே முடியல. 2014ல தனக்குப் பார்கின்சன் நோய் இருக்குன்னு வெளிய சொன்னார். வாழ்நாள் முழுக்க நரம்பு நோய்களைப் பார்த்தவருக்கே நரம்பு நோய். 2018 மார்ச் 3 அன்று ஆக்ஸ்போர்டில் காலமானார். அந்த 4 நிமிஷத்தை விட மருத்துவத்துல பண்ணினதுதான் தனக்குப் பெருமைன்னு பல தடவை சொல்லியிருக்கார்.

பிராஷர் 1956 ஒலிம்பிக்ல ஸ்டீபிள்சேஸ் தங்கம் வாங்கினார், பின்னாடி லண்டன் மாரத்தானைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர் ஆனார். சாட்டவே 1954லயே 5000 மீட்டர் உலக சாதனை வச்சார். அந்த வருஷம் பிபிசி முதல் முறையா கொடுத்த சிறந்த விளையாட்டு ஆளுமை விருது பேனிஸ்டருக்கு இல்ல, சாட்டவேக்குத்தான் போச்சு. இன்னைக்கு மைல் உலக சாதனை 3 நிமிடம் 43.13 நொடி. 1999ல ரோம் நகரில் மொராக்கோவின் ஹிஷாம் எல் கெரூஜ் ஓடினது.

இது ஏன் நமக்கு முக்கியம்?

"தடை மனசுலதான்"ங்கிற கதை ஜெயிச்சவங்களுக்கு நல்லா இருக்கும். தோத்தவங்களுக்கு அது ஒரு பழி. 5 கம்பெனி அட்டென்ட் பண்ணியும் கிடைக்காத ஃபிரண்டு கிட்ட "உனக்கு நம்பிக்கை பத்தல"ன்னு சொல்றது ரொம்ப ஈஸி. அவனுக்கு ராத்திரி பார்ட் டைம் வேலை இருக்கா, வீட்ல லேப்டாப் இருக்கா, ஒரு தடவையாவது யாராவது அவனுக்கு மாக் இன்டர்வியூ வச்சாங்களான்னு நாம கேக்கிறதே இல்ல. சான்டீயைப் பார்த்து "நீ நம்பல"ன்னு சொல்ற மாதிரிதான் அது.

நம்பிக்கை வேண்டாம்னு சொல்ல வரல. பேனிஸ்டருக்கும் நம்பிக்கை இருந்தது. ஆனா அது எங்க இருந்து வந்ததுன்னா, 10 சுற்றும் 59 நொடியில ஓடி முடிச்ச ஸ்டாப்வாட்ச்ல இருந்து. ஒழுங்கான டிராக், நேரம் பார்த்துச் சொல்ற கோச், காற்றை வாங்கிக்கிற ரெண்டு நண்பர்கள், சரியான நேரத்துல ஓய்வு, கொஞ்சம் அதிர்ஷ்டம். இதுல எதை எடுத்தாலும் அந்த 0.6 நொடி காணாமப் போயிருக்கும்.

அதனால அடுத்த செஷன்ல யாராவது இந்தக் கதையைச் சொன்னா, கேள்வி நேரத்துல மரியாதையா எழுந்து ரெண்டே கேள்வி கேளுங்க. "சார், சான்டீ என்ன ஆனார்?" "பிராஷரும் சாட்டவேயும் எந்த ஸ்லைடுல வருவாங்க?"

கேட்டு முடிச்சிட்டு, நம்ம பெஞ்சுல யாருக்கு நாம முன்னாடி ஓடணும்னு ஒரு தடவை திரும்பிப் பாருங்க.